கையொப்பத்தின் மதிப்பு: செயற்கை நுண்ணறிவும் தலைமையின்பால் நம்பிக்கையும்

(இளம் அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)

அரசு அலுவலகத்தில் கோப்பு ஒன்று கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குச் செல்லும் முறை அனைவரும் அறிந்ததே. பிரிவு உதவியாளர் குறிப்பு எழுதுகிறார். பிரிவு அலுவலர் அதனைப் படித்துத் தம் கருத்தைச் சேர்க்கிறார். சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் எனப் படிப்படியாகச் சென்று, முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றவரின் மேசையை அது அடைகிறது. வழியில் ஒவ்வொருவரும் இடும் கையொப்பத்திற்கு மூன்று பொருள்கள் உண்டு. கையொப்பமிட்டவர் அதனைப் படித்திருக்கிறார், அதற்கு உடன்படுகிறார், தவறு நேர்ந்தால் அதற்குப் பதில் சொல்லும் கடமையை ஏற்கிறார். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ் முறை வந்த பின் பேனாவின் இடத்தை மின்னணுக் கையொப்பம் பிடித்துக்கொண்டது. ஆயினும் இம்மூன்று பொருள்களும் மாறவில்லை. கீழ்ப் பணியாளர் மேலதிகாரியை நம்புவதும், பொதுமக்கள் அலுவலகத்தை நம்புவதும் இவற்றின் அடிப்படையிலேயே ஆகும்.

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் கணினிச் சேவை பொதுமக்களின் பயன்பாட்டிற்கு வந்தது. கேட்ட மாத்திரத்தில் கடிதமும் அறிக்கையும் சுருக்கமும் மொழிபெயர்ப்பும் எழுதித் தரும் இத்தகைய நிரல்களை ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு என அழைக்கின்றனர். படம், குரல், அசையும் காட்சி ஆகியவற்றையும் இவ்வகை நிரல்கள் உருவாக்குகின்றன. இவற்றால் எத்தனை பேர் வேலை இழப்பர் என்னும் வினாவே பெரிதும் விவாதிக்கப்பட்டு வருகிறது. அது முக்கியமான வினாவே எனினும், அதற்கு ஈடான மற்றொரு வினா போதிய கவனத்தைப் பெறவில்லை. அலுவலகத்தில் தலைமை ஏற்போரின் சொல்லை இயந்திரம் எழுதத் தொடங்கும்போது, அச்சொல்லின் மீது பிறர் வைத்திருக்கும் நம்பிக்கை என்னவாகும் என்பதே அது.

நம்பிக்கையின் பொருளாதாரம்

நம்பிக்கை என்பது ஒழுக்க நூல்களுக்கு மட்டும் உரிய பொருளன்று. பொருளியலிலும் அதற்கு இடம் உண்டு. நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ, நிறுவனங்களின் எல்லைகளைக் குறித்து 1974இல் வெளியிட்ட நூலில், சமுதாய இயக்கத்தின் உராய்வைக் குறைக்கும் எண்ணெயைப் போன்றது நம்பிக்கை என விளக்கினார். அது சந்தையில் விலைக்குக் கிடைக்காத பண்டம் என்பதையும் அவர் சுட்டினார். மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவை நம்பிப் பணியாற்றும் அலுவலகத்தில் வேலை விரைந்து நடக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்து மூலமான ஆதாரமும் சாட்சியும் தேடும் அலுவலகத்தில் அதே வேலைக்குப் பன்மடங்கு காலமும் செலவும் பிடிக்கும்.

ஒருவருடைய உள்ளத்தையோ உழைப்பையோ பிறர் நேரே காண இயலாது. ஆகவே அடையாளங்களைக் கொண்டே அவற்றை அளக்க வேண்டியுள்ளது. வேலைச் சந்தையில் கல்வித் தகுதி எவ்வாறு ஓர் அடையாளமாகச் செயற்படுகிறது என்பதை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் ஆராய்ந்தார். அடையாளம் ஒன்று நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டுமெனில், அதனைப் பெறுவதற்குச் செலவோ உழைப்போ தேவைப்பட வேண்டும். அதுவும் தகுதி இல்லாதவருக்கு அது கூடுதல் கடினமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆய்வின் சாரம். யாவருக்கும் எளிதில் கிட்டும் அடையாளம் எதனையும் அடையாளம் காட்டாது.

அலுவலகக் கடிதத்திற்கும் இது பொருந்தும். பிழையின்றி, வரிசை முறையாக, எதிரில் உள்ளவரின் நிலையை எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட ஒரு குறிப்பு, எழுதியவர் அதன்பொருட்டு நேரம் செலவிட்டார் என்பதற்குச் சான்றாக விளங்கி வந்தது. நல்ல நடை நல்ல சிந்தனைக்கு எப்போதும் உத்தரவாதம் அன்று. எனினும் உழைப்பிற்கு அது ஓரளவு உறுதியான சாட்சியாக இருந்தது. இப்போது அவ்வாறான நடையைச் சில விநாடிகளில், ஏறத்தாழச் செலவின்றிப் பெற முடிகிறது. ஆகவே அழகிய வாசகம் அக்கறைக்குச் சான்று என்னும் பழைய கணக்கு செல்லாததாகிவிட்டது. தலைமையின்பால் உள்ள நம்பிக்கைக்கு வேறு சான்றுகள் தேவைப்படுகின்றன.

கருவியின் பயன்

இக்காரணத்தால் கருவியையே வேண்டாமென ஒதுக்குவது சரியாகாது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பணியாற்றிய 5,000க்கும் மேற்பட்டோரைப் பற்றி எரிக் பிரின்யோல்ஃப்சன் முதலிய பொருளியல் அறிஞர்கள் மேற்கொண்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவின் துணை கிடைத்த பின் அவர்களுடைய உற்பத்தித் திறன் சராசரியாகச் சுமார் 14 சதவிகிதம் உயர்ந்தது எனவும், புதியவர்களும் திறன் குறைந்தவர்களும் அடைந்த உயர்வு சுமார் 34 சதவிகிதம் எனவும் அது தெரிவித்தது. அனுபவம் மிக்கவர்கள் பெற்ற பயன் சிறிதே. திறமையாளர்களின் வழிமுறைகளைப் புதியவர்களுக்கு எட்டச் செய்யும் ஆற்றல் இக்கருவிக்கு உண்டு என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. தாய்மொழி ஒன்றாகவும் அலுவலக மொழி மற்றொன்றாகவும் அமைந்த நாட்டில், சிந்தனை தெளிவாக இருந்தும் ஆங்கில நடை கைவராத காரணத்தால் பின்தங்கிய பணியாளர் பலர் உண்டு. அவர்களுக்கு இக்கருவி ஓர் ஊன்றுகோல். அரசும் இத்துறையில் பெரும் முதலீடு செய்து வருகிறது. இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்புக்கு உதவும் பாஷினி என்னும் அமைப்பு 2022இல் தொடங்கப்பட்டது. சுமார் 10,372 கோடி ரூபாய் செலவில் இந்தியா ஏஐ இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 மார்ச் மாதம் ஒப்புதல் அளித்தது. எனவே இக்கருவி அலுவலகங்களுக்குள் வருமா என்பது வினாவன்று. அது வரும்போது தலைமைப் பொறுப்பில் உள்ளோர் எவ்வேலையை அதனிடம் விடலாம், எதனை விடலாகாது என்பதே முடிவு செய்யப்பட வேண்டியது.

ஆறுதல் சொல்லும் கடிதம்

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மாணவர் மூவர் உயிரிழந்தனர். நாடெங்கும் மாணவர்கள் கலங்கியிருந்த வேளையில், டென்னசி மாநிலத்திலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று தன் மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஒருவரை ஒருவர் பேணிக் காக்க வேண்டும் என்னும் அறிவுரை அதில் இருந்தது. கடிதத்தின் வாசகத்தில் குற்றம் கூற ஏதுமில்லை. ஆனால், அது சாட்ஜிபிடியின் வாசகத்தைத் தழுவியது என்னும் குறிப்பு அதன் இறுதியில் இடம்பெற்றிருந்தது. மாணவர்கள் கொதித்தெழுந்தனர். மறுநாளே மன்னிப்புக் கோரப்பட்டது. தொடர்புடைய நிர்வாகிகள் தற்காலிகமாகப் பொறுப்புகளிலிருந்து விலகி நின்றனர்.

அக்கடிதத்தை அனுப்பியவர்கள் எதையும் மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கருவியைப் பயன்படுத்தியதை அவர்கள் நேர்மையாகவே குறிப்பிட்டனர். பொய்யான தகவல் எதுவும் கடிதத்தில் இல்லை. மாணவர்களைப் புண்படுத்தியது வேறு. துயரத்தில் இருப்போருக்குச் சொல்லும் ஆறுதலின் பயன் அதன் சொற்களில் மட்டும் இல்லை. ஒருவர் தம் நேரத்தை ஒதுக்கி, எதிரிலிருப்பவரை நினைத்து, சொல்லைத் தேடினார் என்பதே ஆறுதல் தருகிறது. அந்தத் தேடலை நீக்கிவிட்டு வாசகத்தை மட்டும் அனுப்பினால், அனுப்பப்பட்டது ஆறுதல் ஆகாது.

அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டனி கோமன், பீட்டர் கார்டன் ஆகியோர் சுமார் 1,100 பணியாளர்களிடம் கருத்துக் கேட்டு 2025இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்துகிறது. மேலாளர் தம் செய்தியைத் திருத்திக்கொள்வதற்கு மட்டும் கருவியின் உதவியைச் சிறிதளவு பெற்றபோது, அவரை உண்மையான அக்கறை உடையவர் எனக் கருதியோர் 83 சதவிகிதத்தினர். பெருமளவு கருவியே எழுதியபோது அவ்வாறு கருதியோர் 40 முதல் 52 சதவிகிதம் மட்டுமே. ஆயின் செய்தியின் தன்மையைப் பொறுத்துப் பணியாளரின் எதிர்பார்ப்பு மாறுபடுகிறது. கூட்ட அறிவிப்பு போன்ற வழக்கமான செய்திகளில் கருவியின் பயன்பாடு பெரிதாகப் பொருட்படுத்தப்படுவதில்லை. பாராட்டு, ஊக்கம், கண்டனம், அனுதாபம் போன்ற மனித உறவு சார்ந்த செய்திகளிலேயே அது உறுத்துகிறது.

முகமும் குரலும் சான்றாகுமா?

எழுத்து இயந்திரத்தினுடையது எனினும், முகத்தையும் குரலையும் நம்பலாம் அன்றோ எனச் சிலர் வினவலாம். ஹாங்காங்கில் நடந்த மோசடி இதற்கு விடை அளிக்கிறது. பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அரூப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தலைமை நிதி அதிகாரியின் பெயரில் ஒரு செய்தி வந்தது. இரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என அது கூறியது. ஊழியருக்கு முதலில் ஐயம் எழுந்தது. பின்னர் அவர் காணொளிக் கூட்டம் ஒன்றிற்கு அழைக்கப்பட்டார். அங்கே தலைமை நிதி அதிகாரியும், தமக்கு அறிமுகமான வேறு சில சக ஊழியர்களும் இருப்பதைக் கண்டு அவருடைய ஐயம் தீர்ந்தது. 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பப்பட்டது. கூட்டத்தில் தோன்றிய முகங்களும் கேட்ட குரல்களும் செயற்கையாக உருவாக்கப்பட்டவை என்பது அதன் பிறகே தெரியவந்தது.

இந்நிகழ்ச்சி தொழில்நுட்பப் பாதுகாப்பு தொடர்பானது என்று மட்டும் கொள்ளுதல் போதாது. அந்த ஊழியரின் முதல் ஐயம் சரியானதாகவே இருந்தது. மேலதிகாரியின் தோற்றமும், உத்தரவின் அவசரமும், இரகசியம் காக்க வேண்டும் என்னும் கட்டளையும் அதனை அடக்கிவிட்டன. உயர் அதிகாரியின் புகைப்படத்தை வாட்ஸ்அப் முகப்பில் வைத்து, அவர் பெயரில் கீழ்ப் பணியாளரிடம் பணம் கோரும் மோசடிகள் இந்தியாவிலும் நடந்துள்ளன. அங்கும் இரையாவது பணியாளரின் கீழ்ப்படிதலே.

ஆகவே மேலதிகாரியின் உத்தரவை வேறு வழியில் சரிபார்ப்பது அவமரியாதை என்னும் எண்ணம் மாற வேண்டும். அதனை மாற்ற வேண்டியவரும் மேலதிகாரியே. பணம், இரகசியத் தகவல், ஆள் மாற்றம் ஆகியவை குறித்த உத்தரவு எதுவாயினும் தம்மைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொள்ளுமாறு அவரே முன்கூட்டிச் சொல்லி வைத்தல் வேண்டும். அவ்வாறு அழைப்பவரிடம் எரிந்து விழாமல் இருத்தல் வேண்டும். ஆராயாமல் ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறுதலும் தீங்கு என்பது தமிழ் மரபு அறிந்த பாடம். திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ எனத் தனி அதிகாரமே உண்டு. கேள்வி கேட்க அனுமதிக்கும் தலைமைதான் இனி நம்பிக்கையைக் காத்துக்கொள்ள இயலும்.

பொறுப்பைக் கைமாற்ற இயலாது

ஆக்கமுறை நிரல்களுக்கு ஓர் இயல்பு உண்டு. உண்மை எது, பொய் எது என்பதைச் சரிபார்த்து அவை எழுதுவதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைப் பெருந்தொகையான வாசகங்களிலிருந்து கற்று, அதன்படி எழுதுகின்றன. ஆகவே இல்லாத நூலையும் வழங்கப்படாத தீர்ப்பையும், உள்ளவை போன்றே உறுதியான நடையில் அவை எழுதித் தருவது உண்டு.

ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்பு இலாகாவுக்காக டெலாய்ட் நிறுவனம் சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டணத்தில் தயாரித்த அறிக்கை 2025இல் வெளியிடப்பட்டது. அதில் இல்லாத ஆய்வுகளும், நீதிமன்றத் தீர்ப்பில் காணப்படாத மேற்கோளும் இருப்பதைப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். திருத்திய அறிக்கையில்தான் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்ட செய்தி குறிப்பிடப்பட்டது. கட்டணத்தின் இறுதித் தவணையைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. அறிக்கையின் முடிவுகள் மாறவில்லை என அது கூறிய போதிலும், அடிக்குறிப்புகளையே நம்ப இயலாத அறிக்கையின் முடிவை எவ்வாறு நம்புவது என்னும் கேள்வி எழாமல் இல்லை.

இந்தியாவிலும் இதனை ஒத்த எச்சரிக்கை கிடைத்துள்ளது. வருமானத்தைச் சுமார் 28 கோடி ரூபாய் என நிர்ணயித்த ஒரு வருமான வரி மதிப்பீட்டு ஆணையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் ரத்து செய்தது. அந்த ஆணையில் ஆதாரமாகக் காட்டப்பட்ட மூன்று தீர்ப்புகள் உண்மையில் இல்லாதவை. செயற்கை நுண்ணறிவின் காலத்தில் கணினி தரும் விடைகளை மிகுதியாக நம்பிவிடும் போக்கு இருப்பதையும், நீதிமுறை சார்ந்த கடமை ஆற்றுவோர் அவற்றைச் சரிபார்த்தே பயன்படுத்த வேண்டும் என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. வழக்கு புதிய விசாரணைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. இல்லாத தீர்ப்புகளைக் காட்டியவை அந்த ஆணையின் ஒருசில வரிகளே. ஆயினும் வரி செலுத்துவோர் மனத்தில் எழும் ஐயம் அந்த ஓர் ஆணையோடு நிற்பதில்லை. அடுத்து வரும் ஆணைகளையும் அது தொடரும்.

நிர்வாகச் சட்டத்தில் நெடுங்காலமாக நிலைபெற்ற கோட்பாடு ஒன்று உண்டு. ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை, சட்டம் அனுமதித்தாலன்றி, அவர் வேறொருவரிடம் ஒப்படைக்கலாகாது. நீதிமுறை சார்ந்த அதிகாரங்களைச் செலுத்தும் நிர்வாக அலுவலர் தம் முடிவுக்குக் காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை எஸ்.என். முகர்ஜி வழக்கில் உச்சநீதிமன்றம் 1990இல் வலியுறுத்தியது. பாதிக்கப்பட்டோருக்கு முடிவின் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆவது பிரிவு பணிக்கிறது. காரணம் கூறுதல் என்பது முடிவுக்குப் பின் அழகிய பத்தி ஒன்றைச் சேர்ப்பதன்று. முடிவெடுத்தவரின் மனம் எவ்வழியே சென்றது என்பதைக் காட்டுவதே அது. முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்கேற்ற காரணங்களை இயந்திரத்திடம் கேட்டுப் பெற்றால், ஆணை காரணம் கூறுவது போலத் தோன்றுமேயன்றி, உண்மையில் காரணம் கூறியதாகாது. மாவட்ட நீதித்துறைக்கெனக் கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் வகுத்த கொள்கை, முடிவு காண்பதற்கோ தீர்ப்புக்கான காரணங்களை அமைப்பதற்கோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது எனத் தடை விதித்ததன் நோக்கமும் இதுவே.

நூறு சொற்களில் ஒரு பணியாளரின் வாழ்வு

நம்பிக்கையின் சோதனை மிகக் கூர்மையாக நிகழும் இடம் ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை ஆகும். முன்பு இரகசியக் குறிப்பேடு என வழங்கிய இவ்வறிக்கையின் பதிவுகள் அனைத்தும் பணியாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் எனத் தேவ் தத் வழக்கில் உச்சநீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து, 2008-09ஆம் ஆண்டு முதல் முழு அறிக்கையையும் பணியாளரிடம் காட்ட வேண்டும் எனவும், மறுப்புத் தெரிவிக்க அவருக்கு 15 நாள் அவகாசம் தர வேண்டும் எனவும் மத்திய அரசு 2009 மே மாதம் ஆணையிட்டது. பல பணிகளுக்குரிய படிவத்தில் மேலதிகாரி தம் கீழ்ப் பணியாளரைப் பற்றிச் சுமார் நூறு சொற்களில் ஒரு சொற்சித்திரம் எழுத வேண்டும். பணியாளரின் பலம், குறை, சிறப்பான சாதனை, நலிந்த பிரிவினர்பால் அவருடைய மனப்பான்மை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

இருபது பேருக்கு அறிக்கை எழுத வேண்டிய அதிகாரி, காலக்கெடு நெருங்கும் வேளையில், இந்நூறு சொற்களை இயந்திரத்திடம் கேட்டுப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். கிடைக்கும் வாசகத்தில் கடமையுணர்வு, குழு மனப்பான்மை, நேரந்தவறாமை எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால், வெள்ளக் காலத்தில் மூன்று இரவுகள் கட்டுப்பாட்டு அறையை விட்டு அகலாத எழுத்தரின் உழைப்பு அதில் இராது. ஓய்வூதியம் கேட்டு வந்த முதியவருக்காகப் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்த உதவியாளரின் பொறுமையும் இராது. இவற்றை மேலதிகாரி கண்டிருக்கிறார், இயந்திரம் காணவில்லை. இருபது பணியாளர்களும் தம் அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்து, பெயர்கள் மட்டும் மாறியிருப்பதைக் காணும் நாளில், அந்த அதிகாரி எழுதிய முந்தைய பாராட்டுகளும் மதிப்பிழந்து போகும். பதவி உயர்வுக் குழு இவ்வறிக்கைகளைக் கொண்டே முடிவெடுக்கிறது. ஆகவே இழப்பு மனத்தளவில் நிற்பதில்லை. தகுதி உடையவரின் பதவி உயர்வையும் அது பாதிக்கும்.

முன்பும் சில அதிகாரிகள் சென்ற ஆண்டின் வாசகத்தை அப்படியே பெயர்த்து எழுதியது உண்டு என்பதை மறுக்க இயலாது. இயந்திரம் இக்குறையைப் புதிதாகத் தோற்றுவிக்கவில்லை. முன்பு அக்குறை பார்த்த அளவில் புலப்பட்டது. இப்போது நல்ல நடையின் பின்னே அது மறைந்துகொள்கிறது. அதுவே வேறுபாடு.

வெளிப்படையாகச் சொல்வதில் உள்ள சிக்கல்

கருவியைப் பயன்படுத்தினால் அதனை வெளிப்படையாகச் சொல்லிவிடலாமே என்பது இயல்பான யோசனை. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆலிவர் ஷில்கே, மார்ட்டின் ரைமன் ஆகியோர் 13 சோதனைகளின் அடிப்படையில் 2025இல் வெளியிட்ட ஆய்வின்படி, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாகத் தாமே சொல்பவர் மீதுள்ள நம்பிக்கை குறைகிறது. மறைத்து வைத்துப் பிறரால் வெளிப்படும்போதோ நம்பிக்கை இன்னும் அதிகமாகச் சரிகிறது.

இந்நிலையில் வெளிப்படையாகச் சொல்வதைத் தனி மனிதரின் நேர்மைக்கு மட்டும் விட்டால் விளைவு எவ்வாறு இருக்கும்? உண்மை சொன்னவர் மதிப்பிழப்பார். மறைத்தவர் பிடிபடாதவரை மதிப்போடு இருப்பார். பழைய கார்களின் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் விளக்கிய நிலையே இங்கும் ஏற்படும். சரக்கின் தரம் வாங்குவோருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு வெளியேறி, தரம் தாழ்ந்தது தங்கிவிடும். அவ்வாறே நேர்மையாளர் வாய் மூடிக்கொள்வர், மறைத்தல் வழக்கமாகிவிடும்.

முழுத் தடையும் தனித்து நின்று இதற்குத் தீர்வாகாது. தம் பொறியாளர்கள் இரகசியக் கணினி நிரல் வரிகளைச் சாட்ஜிபிடியில் இட்டதை அடுத்து, சாம்சங் நிறுவனம் 2023 மே மாதம் இத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது. அரசு ஆவணங்களின் இரகசியத்தைக் கருதி, அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற கருவிகளைத் தவிர்க்குமாறு மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. இரகசியத்தைக் காக்க இத்தகைய கட்டுப்பாடு தேவையே. ஆயினும் அலுவலகக் கணினியில் மூடப்பட்ட கதவு, சட்டைப் பையில் உள்ள கைப்பேசியில் திறந்திருக்கிறது. என்ன செய்யலாம் என்பதைச் சொல்லாமல் செய்யக்கூடாததை மட்டும் சொன்னால், பயன்பாடு மறைவாகத் தொடரும். மேலதிகாரியும் கீழ்ப் பணியாளரும் ஒருவரை ஒருவர் ஐயுறும் நிலை தோன்றும்.

எனவே வெளிப்படைத் தன்மை அலுவலகத்தின் பொது விதியாக வேண்டும். இன்ன வகைப் பணியில் கருவியைப் பயன்படுத்தலாம், இன்ன வகையில் பயன்படுத்தியதைக் குறிப்பிட வேண்டும், இன்ன வகையில் அறவே கூடாது என்பது அனைவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், குறிப்பிடுபவர் தனித்து நின்று மதிப்பிழக்க வேண்டியதில்லை. மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்ட இந்தியச் செயற்கை நுண்ணறிவு ஆளுகை வழிகாட்டுதல்கள் ஏழு கோட்பாடுகளை வகுத்துள்ளன. நம்பிக்கையே அடித்தளம் என்பது அவற்றுள் முதலாவது. பொறுப்புடைமையும் அவற்றுள் ஒன்று. இக்கோட்பாடுகளை ஒவ்வோர் அலுவலகமும் தன் அன்றாட வேலைக்கேற்ற விதிகளாக மாற்றிக்கொள்ளுதல் அடுத்த படியாகும்.

மூவகை எழுத்து

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்க்குமிடத்து, அலுவலக எழுத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வழக்கமான எழுத்து. கூட்ட அறிவிப்பு, நினைவூட்டுக் கடிதம், வெளியிடப்பட்ட நீண்ட அறிக்கையின் சுருக்கம், மொழிபெயர்ப்பின் முதல் வரைவு முதலியன இதில் அடங்கும். இரகசியத் தகவலும் தனி மனிதர் விவரமும் இல்லாதவிடத்து, அனுமதிக்கப்பட்ட கருவியை இதில் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். மிச்சமாகும் நேரம் பொதுமக்களின் மனுக்களுக்குப் பயன்பட்டால் அது நாட்டிற்கு ஆதாயமே.

இரண்டாவது, முடிவைக் கூறும் எழுத்து. ஆணை, அபராதம், மானிய மறுப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை இவ்வகையின. இங்கு தகவல் தேடவும் மொழியைச் சீர்செய்யவும் கருவி உதவலாம். ஆனால் முடிவும் காரணமும் அதிகாரியினுடையவையாக இருத்தல் வேண்டும். காட்டப்பட்ட ஒவ்வொரு விதியையும் தீர்ப்பையும் மூல ஆவணத்தில் கண்டு உறுதி செய்த பின்னரே கையொப்பமிட வேண்டும். யார் சரிபார்த்தார் என்பதும் கோப்பில் பதிவாக வேண்டும்.

மூன்றாவது, மனிதருக்கு மனிதர் எழுதுவது. மதிப்பீட்டு அறிக்கையின் சொற்சித்திரம், பாராட்டு, எச்சரிக்கை, பணியில் இறந்தவரின் குடும்பத்திற்கு எழுதும் அனுதாபக் கடிதம் ஆகியவை இதில் சேரும். இவற்றை அதிகாரி தாமே எழுதுதல் வேண்டும். நடை கரடுமுரடாக இருப்பினும் குற்றமில்லை. நான்கு வரிகளே ஆயினும், பெறுபவரை அறிந்த ஒருவர் எழுதியது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

பயிற்சி முடித்து இலாகாக்களுக்குச் செல்லும் இளம் அலுவலர்கள், தம் மூத்தோரைக் காட்டிலும் இக்கருவிகளை நன்கு கையாளக் கூடியவர்கள். ஆகவே அவர்களுடைய பொறுப்பும் அதிகம். இனி அவர்கள் மேசைக்கு வரும் குறிப்புகள் பலவும் பிழையற்ற நடையில் இருக்கும். நடையைக் கொண்டு உழைப்பை அளக்க இயலாத நிலையில், குறிப்பு எழுதியவரை அழைத்து, இம்முடிவுக்கு எவ்வாறு வந்தார் எனக் கேட்கும் பழக்கத்தை அவர்கள் மேற்கொள்ள வேண்டும். அதே கேள்வியைத் தம் கீழ்ப் பணியாளரும் பொதுமக்களும் தம்மிடம் கேட்டால், கோப்பைப் பாராமலே பதில் சொல்லக்கூடிய நிலையில் அவர்கள் இருத்தல் வேண்டும். அவ்வாறு பதில் சொல்ல முடியாத எந்தத் தாளிலும் கையொப்பமிடுவதில்லை என்னும் கட்டுப்பாட்டை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிப்பது நலம்.